யாருடைய அவசரம்?

விலை உயர்ந்த வாட்ச் கட்டுகிறவர்களிடம் எப்போதும் இரண்டு விலைகள் இருக்கின்றன. ஒன்று ஊரறிந்த விலை. அதை அவர்கள் வாயால் சொல்வதில்லை; டயலில் இருக்கும் குட்டி ரோலெக்ஸ் கிரீடம் சொல்லிக்கொள்ளும். மற்றது அவர்கள் உண்மையில் கொடுத்த விலை. அதைச் சொல்ல ஆளும் நேரமும் பார்ப்பார்கள். விருந்து முடிந்து கை கழுவிவிட்டு வந்து, சட்டைக் கையை இரண்டு மடிப்பு ஏற்றி, குரலைக் கொஞ்சம் இறக்கி, "ஆர்ச்சர்ட் ரோட்டுல போய்க் கேட்டுப் பாருங்கண்ணே என்ன சொல்றான்னு. நான் என்ன விலைக்கு அடிச்சேன் தெரியுமா?" என்று ஆரம்பிப்பார்கள். சிங்கப்பூரில் எனக்குப் பழக்கமான வாட்ச் பித்தர்கள் எல்லாருக்கும் இந்தப் பேச்சு ஒரே தாளத்தில்தான் வருகிறது. கேட்கச் சுவையாகத்தான் இருக்கும். வீடு திரும்பும் வழியில்தான் நெருடும். செலவுக்கு அஞ்சாதவன் என்று நாலு பேர் நினைக்கட்டும் என்று வாங்கிய பொருள். அதில் அவருக்குக் கிடைத்த பெரிய சந்தோஷமோ செலவழிக்காமல் தப்பித்தது. இந்த முரண் மட்டும் என்றால் சிரித்துவிட்டுப் போய்விடலாம், நாமெல்லாம் அப்படித்தான். என்னை உறுத்துவது வேறு. அவர் கொடுக்காமல் மிச்சம் பிடித்ததாகச் சொல்லும் 2,000 சிங்கப்பூர் வெள்ளி யாருடைய பணம்? இவருக்குக் கூடியது என்றால் எங்கேயோ யாருக்கோ குறைந்திருக்க வேண்டும். அந்த யாரோ இந்தக் கதைகளில் தலைகாட்டுவதே இல்லை. கடைக்காரர் வருகிறார், வாட்ச் வருகிறது, சொன்ன விலை, கேட்ட விலை, எழுந்து வாசல்வரை போய்த் திரும்பிய சாமர்த்தியம் எல்லாம் வருகிறது. வாட்சைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனவர் மட்டும் வருவதில்லை.

முதலில், எந்த விலையிலிருந்து குறைந்தது என்பதே குழப்பம். சுவிஸ் வாட்சுகளுக்குக் கம்பெனி நிர்ணயித்த விலை ஒன்று உண்டு, அந்த விலைக்கு விற்கும் அங்கீகாரம் பெற்ற கடைகள் உண்டு. அங்கே தேங்கிய சரக்கு பின்வாசல் வழியாக வேறு வியாபாரிகளுக்குப் போகும். கிரே மார்க்கெட் என்பார்கள். சில பிராண்டுகளை அங்கே உறை பிரிக்காமல் நல்ல தள்ளுபடியில் எடுக்கலாம்; வாரண்டிதான் கம்பெனியுடையதாக இல்லாமல் கடைக்காரர் வாய்ச்சொல்லாக இருக்கும். ஆனால் ரோலெக்ஸின் ஸ்டீல் வாட்சுகளுக்கு இந்தக் கணக்கு தலைகீழ். 2020 செப்டம்பரில் தேதி காட்டாத புது சப்மரைனர் வந்தபோது அமெரிக்கக் கடை விலை 8,100 டாலர். அந்த விலைக்கு அது கிடைத்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். மற்றவர்கள் கடையில் பெயரைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். முன்பு அந்தக் கடையில் என்னென்ன வாங்கியிருக்கிறோம் என்பதைப் பொறுத்து முறை வரும் என்பது எல்லாரும் அறிந்த ரகசியம். தேவையில்லாத ஒரு நகையையோ விற்காமல் கிடக்கும் வைரம் பதித்த லேடீஸ் வாட்சையோ எடுத்துக்கொண்டால் மேலாளர் முகம் கொஞ்சம் மலரும். வெளியே அதே சப்மரைனர் பல ஆயிரம் கூடுதலாகக் கைமாறிக்கொண்டிருந்தது. 2021இலும் 2022இன் தொடக்கத்திலும் கம்பெனி விலையை ஒரு காசு குறையாமல் கொடுத்தவரைத்தான் மற்றவர்கள் பொறாமையோடு பார்த்தார்கள். சொன்ன விலையை அப்படியே கொடுப்பது பெரிய லாபம் என்று ஆகிவிட்ட இந்த நிலைமையை, சென்னை பர்மா பஜாரில் சொன்னதில் பாதிக்குக் கேட்டுப் பழகிய என் அப்பா தலைமுறைக்கு எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. ஆக, குறைவு என்றால் எதிலிருந்து குறைவு? கம்பெனி விலை என்பது கம்பெனியின் ஆசை. சந்தை விலை என்பது நேற்று யாரோ யாருக்கோ கொடுத்தது. இரண்டுக்கும் நடுவில் எங்காவது நின்றுகொண்டு நாம் ஜெயித்துவிட்டதாகச் சொல்லிக்கொள்கிறோம்.

எதற்கான விலை இது என்பதிலும் ஒரு கண்ணாமூச்சி இருக்கிறது. நேரம் பார்ப்பதற்கு இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். காசியோ 1989இல் கொண்டுவந்த எஃப்-91டபிள்யூ என்ற பிளாஸ்டிக் வாட்ச் மாதத்துக்கு 30 நொடி முன்பின் போகலாம் என்கிறார்கள். ஒரு மெக்கானிக்கல் வாட்சுக்கு சுவிஸ் குரோனோமீட்டர் சான்றிதழ் தருகிறவர்கள் நாளுக்கு 4 நொடி பின்தங்கவும் 6 நொடி முந்தவும் இடம் கொடுக்கிறார்கள். 1969 டிசம்பர் 25 அன்று சீக்கோ முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை டோக்கியோவில் விற்பனைக்கு வைத்தபோதே நேரத் துல்லியப் போட்டி முடிந்துவிட்டது. அன்றைக்கு அதன் விலை 4,50,000 யென், ஒரு சின்னக் கார் வாங்கும் பணம். பிறகு குவார்ட்ஸ் மலிந்தது, மெக்கானிக்கல் உயர்ந்தது. பயன் போன பிறகு விலை ஏறிய பொருளுக்கு நியாயமான விலை என்று ஒன்றைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. அரிசிக்குச் சொல்லலாம்.

ஆர்ச்சர்ட் ரோட்டில் லக்கி பிளாசா என்று பழைய வணிக வளாகம் ஒன்று இருக்கிறது. சுற்றிலும் பளபளவென்று எழுந்துவிட்ட கட்டடங்களுக்கு நடுவே எழுபதுகளின் முகத்தோடு அது அப்படியே நிற்கிறது. கீழே பழைய வாட்ச் கடைகள். ஆளுயரக் கண்ணாடி அலமாரிகளில் வெள்ளை விளக்கு வெளிச்சத்தில் நூற்றுக்கணக்கான வாட்சுகள், பலவும் ஓடாமல், ஆளுக்கொரு மணி காட்டிக்கொண்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் போனால் அந்த இடமே வேறு. பிலிப்பைன்ஸிலிருந்து வந்து வீட்டு வேலை செய்யும் பெண்கள் விடுமுறை நாளில் அங்கேதான் கூடுவார்கள். மேல் தளங்களில் ஊருக்குப் பணம் அனுப்பும் கடைகளின் முன்னால் நீண்ட வரிசை, வறுத்த பன்றியிறைச்சி வாசனை, ஊருக்கு அனுப்பப்போகும் பெரிய அட்டைப்பெட்டிகளைச் சுற்றும் டேப்பின் கிறீச் ஒலி. எஸ்கலேட்டரில் மேலே போகிறவர்கள் மாதச் சம்பளத்தின் பெரும்பகுதியை அனுப்பப் போகிறார்கள். அதே எஸ்கலேட்டரின் காலடியில் ஒருவர், அவர்களில் யாருடைய ஆண்டுச் சம்பளத்தையும் தாண்டிய ஒரு வாட்சுக்கு இன்னும் 200 வெள்ளி குறைக்கச் சொல்லி வாதாடிக்கொண்டிருப்பார். இதைப் பார்த்துக் கோபப்படுவது எளிது. எனக்குக் கோபம் வருவதில்லை. அந்த ஆளும் நல்லவராகத்தான் இருப்பார், போகும்போது யாருக்காவது கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஆனால் 200 வெள்ளி என்ற எண்ணுக்கு ஒரே கூரைக்குக் கீழே இரண்டு கனம் இருப்பதை அங்கே நின்றால் பார்க்காமல் இருக்க முடியாது. அவர் அந்த 200க்காகப் போராடுவது தேவையால் இல்லை. அது கிடைக்காவிட்டாலும் வாங்கத்தான் போகிறார். கிடைத்தால்தான் அது வேட்டை.

வேட்டை என்பதால் அதற்குரிய நுணுக்கங்களும் உண்டு, அவற்றை நான் ரசிக்காமலும் இல்லை. கடைக்காரர் கறுப்பு வெல்வெட் தட்டில் வாட்சை வைப்பார். தெரிந்தவர் முதலில் டயலைப் பார்க்க மாட்டார். செயினைக் கம்பியாக நிமிர்த்திப் பார்ப்பார். வருடக்கணக்காகக் கட்டிய செயினில் கண்ணிகள் தேய்ந்து, கிடையாகப் பிடித்தால் வில்லாகத் தொங்கும். பிறகு கேஸின் ஓரங்கள். பாலிஷ் போட்டுப் போட்டு விளிம்பெல்லாம் மழுங்கியிருந்தால் விலை விழும். கீறல்களோடு அப்படியே இருந்தால் ஏறும். பிறகு முட்களிலும் எண்களிலும் பூசிய ஒளிர்பூச்சு. ஏறக்குறைய 1960கள்வரை ரேடியம், அதன்பின் தொண்ணூறுகளின் இறுதிவரை டிரிட்டியம். டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12 ஆண்டு சொச்சம். அது ஒளி இழந்து பாலேட்டு நிறமாக மாறியிருந்தால் ரசிகர்கள் உருகிப்போவார்கள். கறுப்பு டயல் வெயிலில் வெளுத்துக் காப்பி நிறமாகியிருந்தால் அதற்கும் கூடுதல் விலை. தயாரித்தவனுடைய குறை, ஐம்பது வருடம் தாக்குப்பிடித்தால் அழகு. அப்புறம் பின்மூடியைத் திறந்து ஒரு கருவியில் வைப்பார்கள். ஒரு மைக் அதன் துடிப்பைக் கேட்டுத் திரையில் புள்ளிகளாகக் கோடு போடும். கோடு நேராகப் போனால் உடம்புக்கு ஒன்றுமில்லை. இந்தப் பரிசோதனை எல்லாம் எதற்கு? பொருள் அசலா, நகலா, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அறிய. நகல்கள் இப்போது அத்தனை நேர்த்தியாக வருகின்றன, உள்ளே திறக்காமல் சொல்வது கடினம். ஃபேவர் லூபா மாதிரியான பழைய வாட்சுகளின் டயலுக்குக் கண்ணைப் பறிக்கும் புது வண்ணம் அடித்து, பல உடல்களிலிருந்து பாகம் எடுத்து ஒன்று சேர்த்து இந்தியாவிலிருந்து அனுப்புவார்களே, அவற்றுக்கு வாட்ச் உலகத்தில் 'மும்பை ஸ்பெஷல்' என்றே பெயர். மலிவில் மயங்கியவர்களின் மேசை இழுப்பறைகளில் உலகமெங்கும் அவை கிடக்கின்றன. இத்தனையையும் பார்க்கும் கண், தேய்ந்த செயின் யாருடைய கையில் தேய்ந்தது என்று மட்டும் கேட்பதில்லை. கேட்டால் விலை பேச வராது.

பெட்டியும் காகிதமும் சேர்ந்திருந்தால் 'ஃபுல் செட்' என்பார்கள், விலை கூடும். பழைய வாரண்டிக் காகிதங்களில் முதலில் வாங்கியவரின் பெயரைக் கடைக்காரர் கையால் எழுதியிருப்பார். நீல மை, சாய்ந்த கையெழுத்து, ஒரு தேதி. அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் தேதியிலிருந்து இன்றைய நாளுக்கு ஒரு கோடு போட்டுப் பார்க்கும். நடுவில் என்ன ஆயிற்று? அலுத்துப்போய் விற்றாரா, இறந்துபோய்ப் பிள்ளைகள் விற்றார்களா, வேலை போயிற்றா, மருத்துவமனையா, சீட்டாட்டமா? காகிதத்தில் இருக்காது. சிராங்கூன் சாலைப் பக்கத்து அடகுக்கடைகளில் ஓரளவு தெரியும். சிங்கப்பூரின் பழைய சீன அடகுக்கடைகளில் வாசலுக்கு உட்புறம் ஒரு மரத்தடுப்பு இருந்தது. உள்ளே நிற்பவர் யார் என்று தெருவில் போகிறவர்களுக்குத் தெரியாதிருக்க. கவுன்ட்டர் ஆள் உயரத்துக்கு இருக்கும், பொருளைக் கை தூக்கிக் கொடுக்க வேண்டும். இன்று தடுப்பு இல்லை. பங்குச்சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிகள் நடத்தும் வெளிச்சமான கடைகள், ஏசி, சோபா. மாதம் 1.5 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கக் கூடாதென்பது சட்டம். 6 மாதத்துக்குள் மீட்கவோ புதுப்பிக்கவோ இல்லையென்றால் பொருள் மூழ்கிவிடும். மூழ்கிய வாட்சுகள் அதே கடையின் முகப்பில், அழகான சிறு தலையணையில், விலைச்சீட்டோடு மேலே மிதந்து வரும்.

எங்கள் ஊர்ப்பக்கம், புதுக்கோட்டைக்குத் தெற்கே, மூழ்கிய நகையை வாங்குவதற்கு யோசிப்பார்கள். யாருடைய தாலிச்சங்கிலியோ, யார் வயிறெரிந்து விட்டதோ, நம் வீட்டுக்கு ராசியாக வருமா என்று பெண்கள் தயங்குவார்கள். விலை குறைவு என்பதே சந்தேகத்துக்கு முதல் காரணம். அதற்கு ஒரு தீர்வும் வைத்திருந்தார்கள்: வாங்கி, ஆசாரியிடம் கொடுத்து, உருக்கிப் புதிதாகச் செய்துகொள்வது. நெருப்பில் போனால் பழசு கழிந்தது. இதை மூடநம்பிக்கை என்று நான் இளவயதில் ஒதுக்கியிருக்கிறேன். இப்போது அவ்வளவு சுலபமாக ஒதுக்க முடியவில்லை. ராசி என்ற பேச்சுக்குள் ஒரு கேள்வி பத்திரமாக இருந்திருக்கிறது: இது எப்படி இவ்வளவு மலிவாக வந்தது? அதைக் கேட்காமல் நகையை யாரும் கழுத்தில் போட்டுக்கொள்ளவில்லை. தங்கத்துக்கு நெருப்பு இருக்கிறது. வாட்சை உருக்க முடியாது. உருக்கினால் வெறும் எஃகு. அதன் மதிப்பே உருக்காமல் இருப்பதில்தான் இருக்கிறது. சீரியல் நம்பர், பெட்டி, காகிதம், கீறல் என்று பழைய வாழ்க்கையின் தடயங்கள் அத்தனையும் கலையாமல் இருந்தால்தான் விலை. நாங்கள் கழித்துவிட்டு வாங்க நினைத்ததை இவர்கள் கூடுதல் பணம் கொடுத்து அப்படியே வாங்குகிறார்கள். பழைய ஆளின் தடயம் வேண்டும், பழைய ஆள் வேண்டாம்.

இல்லை, இதிலும் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். தடயத்திலும் தரம் பிரித்திருக்கிறார்கள். கீறல் இருக்கலாம், எழுத்து இருக்கக் கூடாது. பின்மூடியில் 'இருபத்தைந்தாம் மணநாளுக்கு' என்றோ ஓய்வுபெற்றவருக்கு அலுவலகம் கொடுத்த வாசகமோ பொறித்திருந்தால் விலை இறங்கும். பேரம் பேசுகிறவர் அதை விரலால் தொட்டுக் காட்டி, "இது இருக்கே, இன்னும் குறைங்க" என்பார். யாரோ ஒருவர் அன்பில் செய்த காரியம் தள்ளுபடிக்குக் காரணமாகிறது. ஆனால் 2017 அக்டோபரில் நியூயார்க்கில் ஃபிலிப்ஸ் ஏல நிறுவனம் நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலெக்ஸ் டேடோனாவை ஏலம் விட்டபோது 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல் போயிற்று. அதன் பின்மூடியிலும் எழுத்து இருந்தது: கார்ப் பந்தயத்தில் ஓட்டுகிற கணவனுக்கு மனைவி ஜோஆன் உட்வர்ட், பார்த்து ஓட்டச் சொல்லிப் பொறித்துக் கொடுத்த வரி. அங்கே அந்த எழுத்து விலையை ஏற்றியது. மனைவியின் கவலைக்கும் கணவனின் பெயரைப் பொறுத்துதான் மதிப்பு. நியூமன் அந்த வாட்சை 1984இல் மகளின் காதலனுக்குச் சும்மா கழற்றிக் கொடுத்தார் என்பதும், விற்ற பணத்தில் ஒரு பகுதியை அவர் மகளின் அறக்கட்டளைக்கு அந்த மனிதர் கொடுத்தார் என்பதும் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடங்கள். வாட்ச் ரசிகர்கள் அவ்விடங்களை வேகமாகக் கடந்து ஏலத்தொகைக்குப் போய்விடுகிறார்கள்.

அவர்கள் திரும்பத்திரும்பச் சொல்லும் இன்னொரு கதை உண்டு. 2015 தொடக்கத்தில், அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில், நன்கொடையாக வரும் பழைய பொருள்களை விற்கும் குட்வில் கடை ஒன்றில் ஒருவர் 5.99 டாலருக்கு ஒரு பழைய வாட்சை எடுத்தார். அது லகூல்ட்ர கம்பெனியின் டீப் சீ அலாரம், நீர்மூழ்குபவர்களுக்காக 1959இல் மிகக் குறைந்த எண்ணிக்கையில் செய்தது. 35,000 டாலருக்கு விற்றார். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. விலைச்சீட்டை ஒட்டியது கடை. கேட்ட விலையைக் கொடுத்தது அவர். கடையும் தர்ம ஸ்தாபனம், வாட்சும் இலவசமாக வந்தது. இதைவிடச் சுத்தமான லாபம் இருக்க முடியாது. இருந்தும் அந்த வாட்சை மூட்டையில் போட்டுக் கொடுத்தவர் ஒருவர் இருந்திருப்பார் இல்லையா, அநேகமாக ஒரு முதியவரின் அலமாரியைக் காலி செய்த பிள்ளை. அவர் பின்னர் இந்தச் செய்தியைப் படித்தாரா? ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளியலாளர் 1970இல் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். விற்பவனுக்குத் தெரிந்தது வாங்குபவனுக்குத் தெரியாததால் சந்தையே கெட்டுப்போகிறது என்பது அதன் சாரம். பின்னால் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. வாட்ச் பித்தர்களின் கனவு அதன் மறுபக்கம்: வாங்குபவனுக்குத் தெரிந்தது விற்பவனுக்குத் தெரியக் கூடாது. தாத்தாவின் வாட்ச் என்ன விலை போகுமென்று தெரியாத பேரன், கணவனின் மேசை இழுப்பறையைத் திறந்து பார்க்கும் மனைவி, இவர்கள்தாம் அந்தக் கனவில் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள். ஆக, சல்லிசாகக் கிடைத்தது என்பதற்கு இரண்டே காரணம்தான் எனக்குத் தெரிகிறது. எதிராளிக்கு விவரம் தெரியவில்லை, அல்லது எதிராளிக்கு அவசரம். தேங்கிய சரக்கை மூன்றாவதாகச் சேர்க்கலாம். அங்கேயும் அவசரம் கடைக்காரருடையது.

நம் இலக்கியத்தில் வணிக நேர்மைக்குக் குறைவில்லை. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களின் நடுவுநிலையைப் புகழ்கிறது. பிறர் பொருளையும் தம் பொருளாகக் கருத வேண்டும் என்று வள்ளுவர் சொல்வதும் வாணிகம் செய்வாருக்குத்தான். தராசு பிடித்தவன் கையைத்தான் எல்லாரும் உற்றுப் பார்த்திருக்கிறார்கள். எதிரே சட்டைப்பையில் கைவிட்டு நிற்பவனுக்கு, நீ இவ்வளவுக்குக் கீழே கேட்காதே என்று யாரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. அதற்குக் காரணம் இருந்திருக்கும். வாங்குபவன் எளியவன், விற்பவன் வலியவன் என்பதுதான் பழைய சந்தை. கீரைக்காரம்மாவிடம் பேரம் பேசுவது அற்பம் என்று நம்மில் பலருக்கு உறைக்கிறதே, அது அங்கே வலியவர் மாறிவிட்டதைக் கண்ணால் பார்ப்பதால். பழைய வாட்ச் சந்தையில் பார்க்க முடிவதில்லை, நடுவில் கடைக்காரர் இருக்கிறார். அவரோடுதான் நமக்கு மல்லுக்கட்டு. அவர் சளைத்தவர் இல்லை. நாம் குறைக்கச் சொல்லும் 200 வெள்ளியை அவர் தன் லாபத்திலிருந்து தருவதாக நினைக்கிறோம். கொஞ்ச காலத்துக்கு அப்படித்தான். பிறகு அவர் அதை அடுத்துக் கழற்றிக் கொடுக்க வருகிறவரிடம் கழித்துக்கொள்வார். வேறு எங்கிருந்து வரும்?

இதற்கு மறுப்பாகச் சொல்ல நிறைய இருக்கிறது, சொல்லியும் இருக்கிறார்கள். "அண்ணே, நான் வாங்காட்டி அந்த ஆளுக்கு இன்னும் கம்மியாத்தான் கிடைக்கும்" என்றார் ஒரு நண்பர். உண்மை. வாங்க ஆள் இருப்பதால்தான் அவசரத்துக்கு வாட்ச் பணமாகிறது. விற்கிறவர்களில் பாதிப்பேர் அடுத்த வாட்சுக்காக இந்த வாட்சை விற்பவர்கள், அவர்களுக்கு இழப்பும் விளையாட்டு. 2022இல் கிரிப்டோ நாணயங்கள் சரிந்த அதே காலத்தில் வாட்ச் விலைகளும் சரிந்தன, அடுத்த இரண்டு ஆண்டும் இறங்கின. ஏறும் என்று நம்பி உச்சத்தில் வாங்கி அடியில் விற்றவருக்காக நான் ஏன் இரங்க வேண்டும்? இதற்கெல்லாம் என்னிடம் பதில் இல்லை. மலிவாக வாங்குவது பாவம் என்று சொல்ல வரவில்லை. எனக்கும் ஒரு பழைய வாட்ச் இருக்கிறது, பேசித்தான் வாங்கினேன். ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு வாட்சுகளில் ஒன்று அலுத்துப்போய் விற்றது, மற்றது ஆபரேஷனுக்காக விற்றது என்றால், இரண்டுக்கும் ஒரே விலைச்சீட்டு, ஒரே பளபளப்பு. பிரித்தறிய எனக்கு வழியில்லை என்பதை விட, பிரித்தறிய முடியாதபடி செய்வதே இந்த வியாபாரத்தின் வேலையாகிவிட்டது என்பதுதான் உறுத்துகிறது. 2022 டிசம்பரில் ரோலெக்ஸே தன் பழைய வாட்சுகளைச் சரிபார்த்து, இரண்டு ஆண்டு உத்தரவாதத்தோடு தன் அங்கீகாரம் பெற்ற கடைகள் வழியாக விற்க ஆரம்பித்தது. முத்திரை, புது அட்டை, புதுப் பை. வாங்குபவருக்கு நிம்மதி. பழைய சொந்தக்காரர் கம்பெனியின் பெயருக்குப் பின்னால் முழுசாக மறைந்துபோகிறார். அன்று அடகுக்கடையின் மரத்தடுப்பு தெருவின் கண்ணிலிருந்து அவரைக் காத்தது. இன்றைய தடுப்பு அவரிடமிருந்து நம்மைக் காக்கிறது. சிங்கப்பூர் வரித்துறை மட்டும், தெரிந்தோ தெரியாமலோ, சரியான இடத்தைத் தொடுகிறது: பழைய பொருள் வியாபாரிகளுக்கான ஒரு திட்டத்தில் முழு விலைக்கு இல்லாமல், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் ஜிஎஸ்டி கட்டினால் போதும். அந்த வித்தியாசத்தைத்தான் எனக்கும் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. விலைச்சீட்டில் விற்கும் விலைக்குக் கீழே, சின்ன எழுத்தில், இதைக் கொண்டுவந்தவருக்கு நாங்கள் கொடுத்தது இவ்வளவு என்று ஒரு வரி இருந்தால் போதும். எந்தக் கடையும் போடாது. போட்டால் நம்மில் பலரும் அங்கே வாங்க மாட்டோம், அல்லது அதைக் காட்டி இன்னும் குறைக்கச் சொல்வோம். இரண்டாவதுதான் நடக்கும் என்று நினைக்கிறேன்.

நல்ல விலைக்கு வாங்குவது எப்படி என்று சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். விற்க நேர்ந்தவருக்குச் சொல்ல ஆள் குறைவு. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரே கடையில் முடிவு செய்யாதீர்கள், மூன்று கடை ஏறி இறங்குங்கள். பெட்டி, காகிதம், கழற்றி வைத்த செயின் கண்ணிகள், சர்வீஸ் ரசீது எல்லாவற்றையும் தேடி எடுத்துக்கொண்டு போங்கள். பளபளப்பாக இருந்தால் அதிகம் கிடைக்கும் என்று நம்பிப் பாலிஷ் போட்டுவிடாதீர்கள், குறையும். அப்பாவின் வாட்ச் என்றால், கழற்றிக் கொடுக்கும் முன் அதன் மாடல் எண்ணை வைத்து ஏலங்களில் என்ன போயிருக்கிறது என்று பிள்ளைகளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். என்ன காரணத்துக்காக விற்கிறீர்கள் என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. அவசரம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உண்மையிலேயே அவசரம்தான், வாட்சை விடவும் மனமில்லை என்றால், விற்காமல் அடகு வையுங்கள். சிங்கப்பூரில் 6 மாதம் தருவார்கள், வட்டியைக் கட்டிச் சீட்டைப் புதுப்பித்தால் மேலும் 6 மாதம்.